தொடர்மாடியில் அயலறம்

தமிழ்மொழியில் 'அயல்' என்னும் சொல் இருவேறு பொருள்களைத் தன்னகத்தே கொண்டது. பக்கத்தில் இருப்பது அயல். தனக்கு உரியதல்லாத பிறிதொன்றும் அயல். அடுத்த வீட்டுக்காரர் அயலவர் எனப்படுவர். முன்பின் அறியாத வேற்று நாட்டினரும் அயலவர் எனப்படுவர். அண்மையும் வேற்றுமையும் ஒரே சொல்லில் வந்து பொருந்திய காரணத்தை மொழிநூலார் ஆராயட்டும். வாழ்க்கையை நோக்குவோர்க்கு இதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. மிக அருகில் வாழ்பவரே மிக அறியப்படாதவராகவும் இருத்தல் கூடும் என்பது, ஒரு சுவரின் இருபுறமும் குடியிருப்போர்க்கு நன்கு விளங்கும். இவ்வுண்மை தொடர்மாடிக் கட்டடங்களிற் போல வேறெங்கும் அத்துணைத் தெளிவாகப் புலப்படுவதில்லை.

திருகோணமலைத் துறைமுகத்துக்குத் தெற்கே, கொட்டியாரக் குடாவின் கரையில் அமைந்த மூதூரில் தொடர்மாடி வாழ்க்கை இன்னும் பெருவழக்காகவில்லை. அங்கே குடும்பத்துக்கு ஒரு வளவு. வளவைச் சுற்றிக் கிடுகு வேலியோ, தகர வேலியோ, வசதியுள்ளோர்க்கு மதிலோ உண்டு. உள்ளே ஒரு கிணறும், நாலைந்து தென்னையும், ஒரு மாவும், ஒரு முருங்கையும் நிற்கும். வீட்டுக்கும் வீட்டுக்கும் இடையே கிடக்கும் இந்நிலம் பயனற்றது போலத் தோன்றலாம். உண்மையில் அயலறத்தின் பாதியை அந்நிலமே தன் பொறுப்பில் நடத்தி வருகின்றது. உரலில் மா இடிக்கும் ஓசை அடுத்த வளவை அடையுமுன் தளர்ந்துவிடும். கருவாடு பொரிக்கும் மணத்தைக் கடற்காற்றுக் கொண்டுபோய்விடும். கணவன் மனைவியரிடையே எழும் சிறு பிணக்கு வேலியைத் தாண்டும்போது சொல்லிழந்து வெறும் ஒலியாகிவிடும். கழுவிய நீர் வாழையடியிற் போய்ச் சுவறும். ஒருவர் பிறரைக் கருதாமல் தம் போக்கில் வாழ்ந்தாலும், இடைவெளி அவருக்காகக் கருதிக்கொள்கின்றது.

அதே வேலியில் ஓரிடத்தில் ஆள் நுழையுமளவுக்கு ஒரு கடப்பும் இருக்கும். உப்பும், தீப்பெட்டியும், ஒரு சுண்டு அரிசியும் அதன் வழியே போய்வரும். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் பக்கத்து வீட்டு மூதாட்டி அதன் வழியே வந்து நெற்றியைத் தொட்டுப் பார்ப்பார். முஸ்லிம் ஊர்களும் தமிழ் ஊர்களும் அடுத்தடுத்து அமைந்த அப்பிரதேசத்தில், நோன்பு மாதத்துக் கஞ்சியும் தைப்பொங்கற் புக்கையும் ஊரெல்லை கடந்து செல்வதும் பழைய வழக்கமே. ஆகவே, கிராமத்து அயலறம் இரண்டு பொருள்களால் ஆயது எனலாம். ஒன்று வேலி, மற்றொன்று கடப்பு. வேலி தூரத்தைத் தருகின்றது. கடப்பு நெருக்கத்தைத் தருகின்றது.

தொடர்மாடியில் இவ்விரண்டும் மாறிவிடுகின்றன. வேலி இருந்த இடத்தில் ஒரு சாண் அகலமும் இல்லாத சுவர் நிற்கின்றது. நிலம் இருந்த இடத்தில், ஒருவருக்குத் தரையாகவும் மற்றவருக்குக் கூரையாகவும் ஒரு கொங்கிறீற்றுத் தட்டு இருக்கின்றது. கடப்பு இருந்த இடத்தில், தானே பூட்டிக்கொள்ளும் கதவு ஒன்று உளது. வளவு தானாகச் செய்துவந்த இரு கடமைகளையும் இனி மனிதர் தம் சிந்தனையாற் செய்தல் வேண்டும். தூரத்தையும் அவரே உண்டாக்க வேண்டும். நெருக்கத்தையும் அவரே உண்டாக்க வேண்டும். தொடர்மாடியில் நல்ல அயலவராக வாழ்தல் என்பது இதுவே அன்றி வேறன்று.

தொடர்மாடியே இல்லாத ஊருக்கு இச்சிந்தனை எதற்கு என்று ஒருவர் வினவலாம். ஊரின் பிள்ளைகள் ஊரிலேயே தங்குவதில்லை என்பதே விடை. முன்னர் மூதூர் இறங்குதுறையிலிருந்து லோஞ்சியேறிக் குடாவைக் கடந்து திருகோணமலை சேர்வதே எளிய வழியாக இருந்தது. 2009ஆம் ஆண்டில் கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்டபின் தரைவழியும் எளிதாயிற்று. கல்விக்கும் தொழிலுக்கும் கொழும்பு செல்வோர் வெள்ளவத்தையிலும் தெமட்டகொடையிலும் மாளிகாவத்தையிலும் மாடிவீடுகளிற் குடியேறுகின்றனர். கொழும்பில் இம்முறை புதியதன்று. அரசாங்க ஊழியர்க்கென எழுந்த பம்பலப்பிட்டித் தொடர்மாடி 1950களைச் சேர்ந்தது. நெரிசலான தோட்டங்களில் வாழ்ந்த குடும்பங்களை ஒரே உயர்ந்த கட்டடத்துக்குக் கொண்டுவந்த சகஸ்புர 2001இல் நிறைவேறியது; அங்கு 600க்கு மேற்பட்ட வீடுகள் உள. கிழக்கிலங்கையிலும் 2004ஆம் ஆண்டுக் கடற்கோளுக்குப் பின், நிலம் அரிதான கல்முனையிற் கரையோரத்தை இழந்த மக்களுக்கெனத் தொடர்மாடிகள் எழுந்தன. அலையோசை கேட்டு வளவிற் பிறந்து வளர்ந்தவர், வாழ்வின் நடுவில் ஒருநாள் மூன்றாம் மாடியிற் கண்விழிக்கின்றார். பழக்கங்கள் அவருடன் மாடிக்கு வந்துவிடுகின்றன, வளவு வருவதில்லை.

நெருங்கி வாழும் கல்வியை மூதூர்ப் பகுதி மக்கள் ஒருமுறை மிகக் கொடிய வகையிற் கற்க நேர்ந்தது. 2006ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் யுத்தம் ஊருக்குள் வந்தபோது, மூதூர் முஸ்லிம் மக்கள் பல்லாயிரவர் கந்தளாய்க்கு ஓடிப் பாடசாலைகளிலும் கூடாரங்களிலும் தங்கினர். சம்பூர்ப் பக்கத்துத் தமிழ் மக்கள் மட்டக்களப்புக்குச் சென்று, பின்னர் கிளிவெட்டி, பட்டித்திடல், கட்டைபறிச்சான் ஆகிய இடங்களில் அமைந்த முகாம்களில் வாழ்ந்தனர். அவர்களுட் பலர்க்குச் சொந்த நிலம் மீண்டும் கிடைத்தது 2015, 2016ஆம் ஆண்டுகளிலேயே. அத்தகைய இடங்களிற் குடும்பத்துக்கும் குடும்பத்துக்கும் இடையே நிற்பது ஒரு சேலை, அல்லது ஒரு தறப்பாள். அச்சேலை ஒலியையும் தடுக்காது. காற்று வீசினாற் காட்சியையும் தடுக்காது. குரலைத் தாழ்த்திப் பேசுவதும், பார்க்கலாகாததைக் காணும்போது முகத்தைத் திருப்பிக்கொள்வதும், தண்ணீருக்கு முறைவைத்து நிற்பதும், நோயாளி கிடக்கும் பக்கத்தில் பிள்ளைகளை அடக்குவதுமே அங்குச் சுவர்களாயின. அறிந்துகொள்ள வேண்டியது இது: துணியாலான தடுப்பும் மக்கள் ஒருவரையொருவர் கருதும்போது வீடாகின்றது, கருதாதபோது செங்கற்சுவரும் வீடாவதில்லை.

தொடர்மாடியில் முதலில் எழும் பிணக்கு பெரும்பாலும் ஒலி பற்றியதே. ஒலி ஒரு காலத்திற் கொடையாக இருந்தது. இலங்கை வானொலி புகழுடன் விளங்கிய 1950களில், ஊருக்கு ஒன்றிரண்டு வானொலிப் பெட்டிகளே இருந்தன. தேநீர்க் கடையிலிருந்த பெட்டியின் குரல் தெருக்கோடிவரை கேட்டால், கடைக்காரரைத் தெருவே வாழ்த்தியது. இன்று வீட்டுக்கு வீடு தொலைக்காட்சியும், கைக்குக் கை தொலைபேசியும் உள. கேட்க விரும்பும் ஒவ்வொருவரிடமும் அவரவர்க்கு வேண்டிய ஒலி உளது. ஆகவே, பிறர்மீது சென்று விழும் ஒலி இன்று கொடையாவதில்லை.

ஒலி கட்டடத்தின் ஊடே செல்லும் வகையைச் சிறிது அறிந்திருத்தல் நன்று. பேச்சும் பாட்டும் காற்றின் வழியே வருவன. கனமான சுவர் அவற்றைப் பெரும்பாலும் தடுத்துவிடும். கதிரையை இழுத்தல், உரலில் இடித்தல், தரையிற் குதித்தல் போன்றவை அவ்வாறல்ல. அவை கொங்கிறீற்றையே அதிரச் செய்கின்றன. அவ்வதிர்ச்சி தட்டின் ஊடே ஓடிக் கீழ்வீட்டின் கூரையில் இடியாக இறங்குகின்றது. மேல்வீட்டுக்காரர்க்குத் தாம் செய்த ஓசை சிறிதாகவே கேட்கும். அதனாலேயே அவர் குற்றச்சாட்டைக் கேட்டு வியப்படைகின்றார். அவர் பொய் சொல்வதில்லை. கீழ்வீட்டார் மிகைப்படுத்துவதும் இல்லை. இருவரும் இருவேறு ஒலிகளைக் கேட்கின்றனர். கதிரைக் கால்களுக்கு றப்பர் மூடி இடுதல், உரலுக்கும் அரைக்கும் இயந்திரத்துக்கும் கீழே தடித்த விரிப்பு ஒன்றைப் போடுதல், வீட்டுக்குள் செருப்பைக் களைதல் ஆகிய மூன்றும் பெருஞ்செலவு வேண்டாத செயல்கள். இவற்றாற் பாதிப் பிணக்குத் தீர்ந்துவிடும்.

மறுபாதி காலத்தைப் பொறுத்தது. ஒரே கட்டடத்தில் வாழ்வோர்க்குப் பகலும் இரவும் ஒன்றாக இருப்பதில்லை. இரவு முழுவதும் மருத்துவமனையிற் கடமை செய்த தாதி காலை ஒன்பது மணிக்கு உறங்கச் செல்வார். உயர்தரப் பரீட்சைக்கு ஆயத்தமாகும் மாணவி அதிகாலை நான்கு மணிக்கு எழுந்து படிப்பாள். கைக்குழந்தை உள்ள வீட்டில் உறக்கத்துக்கு நேரமே இல்லை. நோன்பு மாதத்தில் ஸஹர் உணவுக்காக ஒரு வீட்டில் விடியுமுன் அடுப்பெரியும்; மார்கழித் திருவெம்பாவைக் காலத்தில் மற்றொரு வீட்டில் விடியுமுன் மணியொலிக்கும். இவற்றுள் எதனையும் தவறென்று சொல்ல யாருக்கும் உரிமையில்லை. ஆயின், பாத்திரத்தை ஓசையின்றி வைக்கலாம். மணியை மெல்ல அசைக்கலாம். வழிபாட்டின் பயன் அதனாற் குறைவதில்லை. ஒலிபெருக்கிகளுக்கு இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை அனுமதி வழங்கலாகாது என்று இலங்கை உயர் நீதிமன்றம் 2007ஆம் ஆண்டிற் கட்டளையிட்டது. சட்டம் தெருவின் ஒலிபெருக்கியை அடக்கும். சமையலறையின் உலக்கையை அடக்க வருவதில்லை. சட்டம் நிற்குமிடத்திற் பண்பு தொடங்குதல் வேண்டும்.

ஒலிக்கு அடுத்தது நீர். மேல்வீட்டுக் குளியலறையில் ஒழுகும் குழாய், அவ்வீட்டார்க்கு ஒரு சிறு சிரமம். கீழ்வீட்டார்க்கோ கறைபட்ட கூரையும், பூஞ்சணம் பிடித்த சுவரும், நனைந்த புத்தகங்களும் ஆகும். குழாய் திருத்துபவர்க்குக் கதவைத் திறந்துவிடுதலும், திருத்தும் நாளை ஒத்திப்போடாமையும் இங்கே பெரிய அறங்கள். பிழிந்த துணியைத் தண்ணீர் சொட்டச் சொட்ட வெளிச்சாளரத்திற் காயப்போடுபவர், கீழே காய்ந்துகொண்டிருக்கும் வேறொருவரின் துணியை ஒருமுறை எட்டிப் பார்த்தல் வேண்டும்.

தேங்கிய நீரோ இவற்றினும் கொடியது. 2017ஆம் ஆண்டில் இலங்கையில் 186,000க்கு மேற்பட்டோர்க்கு டெங்குக் காய்ச்சல் கண்டதெனப் பதிவாயிற்று. அவ்வாண்டு மார்ச்சு மாதத்தில், மூதூருக்கு அடுத்த கிண்ணியாவை அந்நோய் உலுக்கிப் பல உயிர்களைக் கொண்டுசென்றது. டெங்கைப் பரப்பும் நுளம்பு நெடுந்தூரம் பறப்பதில்லை. பொதுவாகச் சில நூறு மீற்றருக்குள் அடங்கிவிடும். முட்டை நுளம்பாவதற்கு ஏழு முதல் பத்து நாள் போதும். அஃதாவது, ஒருவரைக் கடிக்கும் நுளம்பு பெரும்பாலும் அவருடைய வீட்டிலோ அயலவர் வீட்டிலோ பிறந்ததாகும். தொடர்மாடியின் மேற்றளத்திற் கிடக்கும் உடைந்த வாளியும், மாடிமுகப்பிற் பூச்சட்டியின் கீழ் வைத்த தட்டும், அடைபட்ட பீலியும் வாரம் ஒருமுறை வெறுமையாக்கப்படாவிடின், ஒரு வீட்டின் சோம்பல் மற்றொரு வீட்டின் மரணமாகலாம்.

மூன்றாவது, பொது இடங்கள். படிக்கட்டு, நடைவழி, மேற்றளம், மின்தூக்கி ஆகியவை யாருக்கு உரியவை? தொடர்மாடி வீடுகளின் உடைமை பற்றி 1973ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட 11ஆம் இலக்கச் சட்டம் இதற்கு விடை கூறுகின்றது. வீடு தனியொருவரின் உடைமையாகலாம். பொதுப் பகுதிகள் உடைமையாளர் அனைவர்க்கும் பிரிக்கப்படாத பங்குகளாக உரியவை. சட்டம் தெளிவாகவே உளது. மக்களின் எண்ணமோ வேறு. பொது என்றால் எல்லார்க்கும் உரியது என்று கொள்ளாது, எவர்க்கும் உரியதன்று என்று கொள்ளும் வழக்கம் ஆழ வேரூன்றியுள்ளது. தன் வீட்டு வாயிலை நாள்தோறும் கூட்டும் கை, வெற்றிலைச் சாற்றைப் படிக்கட்டின் மூலையில் துப்பும் வாயைக் கண்டிப்பதில்லை. நடைவழியில் அடுக்கிய பழைய தளபாடமும், படியடியில் நிறுத்திய மோட்டார் சைக்கிளும் வெறும் இடையூறு மாத்திரம் அல்ல. நெருப்புப் பற்றினால் மேல்மாடிக் குழந்தைகளும் முதியோரும் இறங்கி வருவதற்கு அந்த ஒரு வழியே உண்டு.

இவ்வாறு ஒவ்வொன்றையும் எண்ணிப் பார்க்குமிடத்து, அயலறம் என்பது பிறர்க்கு இடையூறு செய்யாமை என்றே தோன்றும். அது பாதி உண்மை. மறுபாதி, பிறர் செய்யும் சிறு இடையூற்றைப் பொறுத்தலாகும். குழந்தை ஓடியே தீரும்; ஓடாத குழந்தைக்கு நோய் உண்டென்று தாய் அஞ்சுவாள். வளவில் ஓடவேண்டிய கால்கள் நாற்பது சதுரமீற்றருக்குள் அடைபட்டிருக்கும்போது, மாலை ஐந்து மணிக்குக் கேட்கும் ஓட்டவோசையைக் கீழ்வீட்டார் குற்றமாகக் கொள்ளாதிருத்தல் நன்று. மீன்குழம்பின் மணம் மரக்கறி உண்பவரின் சாளரத்தில் நுழையும். சாம்பிராணிப் புகை மற்றொருவரைத் தும்மச் செய்யும். தமக்கு ஒவ்வாதது எல்லாம் தவறாகிவிடாது என்பதை அறியாதவர்க்கு, எத்தனை தடித்த சுவரும் போதாது.

தூரத்தை உண்டாக்குவது இங்ஙனம். இனி, நெருக்கத்தை உண்டாக்குவது எவ்வாறு? சிங்கப்பூரின் அனுபவம் இதற்குச் சிறிது வெளிச்சம் தருகின்றது. அங்கு வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் 1960இல் அமைந்தது. மறு ஆண்டு மே மாதம் 25ஆம் நாள் புக்கிட் ஹோ சுவீ என்னும் குடிசைப் பகுதியில் எழுந்த பெருந்தீயால் ஏறத்தாழ 16,000 மக்கள் வீடிழந்தனர். அவர்களுட் பலர் ஓராண்டுக்குள் மாடிவீடுகளிற் குடியேற்றப்பட்டனர். இன்று அந்நாட்டு மக்களுள் நாலில் மூன்று பங்குக்கு மேற்பட்டோர் அக்கழகம் கட்டிய வீடுகளில் வாழ்கின்றனர். தமிழரும் சீனரும் மலாயரும் ஒரே கட்டடத்திற் கலந்து வாழவேண்டும் என்பதற்காக, 1989 முதல் இன விகிதாசார முறையும் கைக்கொள்ளப்படுகின்றது. இவற்றினும் கவனத்துக்குரியது, பல கட்டடங்களின் கீழ்த்தளத்தைச் சுவர்களின்றித் திறந்த கூடமாக விட்டிருப்பதாகும். மலாயரின் திருமணமும் சீனரின் இழவும் அக்கூடத்தில் நிகழ்கின்றன. முதியவர் அங்கிருந்து சதுரங்கம் ஆடுவர். கட்டடக் கலைஞர் கிராமத்து வேலியின் கடப்பை மாடிவீட்டின் அடியில் அமைத்தனர் எனலாம். அத்தகைய கூடம் இல்லாத கட்டடங்களில், குடியிருப்போர் தாமே அதனைத் தம் நடத்தையால் அமைத்தல் வேண்டும்.

அமைக்காவிடின் விளைவது யாது? யப்பானிலே, தோக்கியோவுக்கு அண்மையிலுள்ள மட்சுதோ நகரில் தொக்கிவாதைரா என்னும் பெருந்தொடர்மாடிக் குடியிருப்பு 1960இல் திறக்கப்பட்டது. இளங்குடும்பங்களால் நிறைந்து விளங்கிய அவ்விடம் காலப்போக்கில் முதியோர் வாழும் இடமாயிற்று. 2000ஆம் ஆண்டில் அங்கே ஒரு வீட்டில், 69 வயதுடைய ஒருவரின் உடல் இறந்து மூன்று ஆண்டுகளின் பின் கண்டெடுக்கப்பட்டது. வாடகையும் மின்கட்டணமும் வங்கிக் கணக்கிலிருந்து தாமாகவே செலுத்தப்பட்டு வந்தமையால் எவர்க்கும் ஐயம் எழவில்லை. அவர் எவர்க்கும் இடையூறு செய்யவில்லை. அவர்க்கும் எவரும் இடையூறு செய்யவில்லை. ஓசையில்லை, பிணக்கில்லை, முறைப்பாடில்லை. அமைதியை மாத்திரம் அளவுகோலாகக் கொண்டால், அதனிற் சிறந்த அயல் உலகில் இல்லை. அந்நிகழ்ச்சிக்குப் பின் அக்குடியிருப்பு மக்கள் விழித்தெழுந்து, தனித்து வாழும் முதியோரை நேரிற் சென்று விசாரிக்கவும் தொலைபேசியில் தொடர்புகொள்ளவும் ஒழுங்குகள் செய்தனர்.

அயலவரின் ஓசையைப் பொறுக்கக் கற்பது போலவே, அவருடைய ஓசையின்மையைக் கவனிக்கவும் கற்றல் வேண்டும் என்பதே இதன் படிப்பினை. நாள்தோறும் ஆறு மணிக்குத் திறக்கும் சாளரம் இன்று பத்து மணியாகியும் திறக்கவில்லை. வாயிலிற் போட்ட பத்திரிகை எடுக்கப்படாமற் கிடக்கின்றது. இவற்றைக் காண்பது வேவு பார்த்தல் அன்று. வேவு பார்ப்பவர் தாம் கண்டதைப் பிறரிடம் சென்று கூறுவார். அயலவர் தாம் கண்டதற்காக அந்தக் கதவைத் தட்டுவார். இரண்டுக்குமுள்ள வேறுபாடு அவ்வளவே.

சமயங்களும் இதனை வற்புறுத்தத் தவறவில்லை. திருக்குர்ஆன் உறவினரான அயலவரையும் உறவல்லாத அயலவரையும் தனித்தனியே சுட்டி, இருவர்க்கும் நன்மை செய்யப் பணிக்கின்றது. விவிலியம் தன்னிடத்து வைத்த அன்பையே அளவாகக் காட்டி அயலானிடத்தும் அன்பு கொள்ளச் சொல்கின்றது. வள்ளுவர் ஒப்புரவு அறிதற்கெனத் தனி அதிகாரமே வகுத்தார். உறவல்லாத அயலவர் என்று திருமறை சுட்டியவர், தொடர்மாடியில் எதிர்க்கதவுக்குப் பின்னால் வாழ்கின்றார்.

எதிர்க்கதவு எத்துணைப் பெரிய பொருள் என்பதை இந்நாட்டு வரலாறும் காட்டியுள்ளது. 1983 ஜூலை மாதத்திற் கொழும்பிலே தமிழர் வீடுகள் தாக்கப்பட்டபோது, சிங்களக் குடும்பத்தினரும் முஸ்லிம் குடும்பத்தினரும் பலர் தம் உயிரையும் பொருட்படுத்தாது அயலிலிருந்த தமிழரைத் தம் வீடுகளில் ஒளித்துக் காத்தனர். அத்தகைய நாள் எவர்க்கும் இனி வரவேண்டாம். ஆயின், ஒன்றை எண்ணிப் பார்க்கலாம். பெயரும் முகமும் அறியாத ஒருவருக்காக நள்ளிரவிற் கதவைத் திறப்பது அரிது. பலகாரத் தட்டுப் போய்வந்த வீட்டுக்காகத் திறப்பது அத்துணை அரிதன்று. பெரிய சோதனை வரும் நாளில் அயலன்பைப் புதிதாக உண்டாக்க முடியாது. சாதாரண நாள்களின் சிறு செயல்களாற் சேர்த்துவைத்ததே அன்று கைகொடுக்கும்.

எத்துணைக் கருத்துடன் வாழ்ந்தாலும் பிணக்கு ஒருநாள் எழவே செய்யும். அப்பொழுது சினம் கொதிக்கும் நேரத்திற் சுவரில் இடிப்பதும், தும்புத்தடியாற் கூரையைத் தட்டுவதும், வாயிலில் பெயரிடாத கடிதம் ஒட்டுவதும் பயன்தருவதில்லை. மறுநாள் அமைதியான நேரத்தில் நேரிற் சென்று, நடந்ததை மாத்திரம் கூறுதல் நன்று. 'உங்கள் வீட்டார் எப்பொழுதும் இப்படித்தான்' என்பது பகையை வளர்க்கும் சொல். 'நேற்று இரவு பதினொரு மணிக்குப் பிள்ளை விழித்துக்கொண்டது' என்பது தீர்வுக்கு வழிகாட்டும் சொல். முறைப்பாடே முதல் அறிமுகமாக அமையும்போதுதான் அது கசக்கின்றது. முன்னர் நாலுமுறை சிரித்துப் பேசியவரின் முறைப்பாடு வேண்டுகோளாகவே கேட்கும். நேர்ப்பேச்சு பயனளிக்காவிடின், கட்டடத்தின் நிருவாகக் குழுவை நாடலாம். அதற்கும் அப்பால், 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தின்படி அமைந்த மத்தியஸ்த சபைகள் நாடெங்கும் உள. அங்கே வழக்கறிஞர் செலவின்றி இருதரப்பாரும் அமர்ந்து பேசித் தீர்த்துக்கொள்ளலாம். பொலிசும் நீதிமன்றமும் ஈற்றில் நிற்க வேண்டியவை. ஏனெனில், வழக்கில் வென்றவரும் தோற்றவரும் அன்று மாலை ஒரே படிக்கட்டில் ஏறித்தான் வீடு செல்லவேண்டும்.

ஆகவே, வளவை விட்டு மாடிக்குச் செல்லும் குடும்பம் பெட்டிகளை அவிழ்க்கும் முதல் வாரத்திலேயே சில காரியங்களைச் செய்துகொள்வது நன்று. இருபுறத்துக் கதவுகளையும், மேல்வீட்டுக் கதவையும், கீழ்வீட்டுக் கதவையும் ஒருமுறை தட்டித் தம் பெயரைச் சொல்லி வரவேண்டும். ஒருவர் தொலைபேசி எண்ணை மற்றவர் குறித்துக்கொள்ள வேண்டும். எந்த வீட்டில் நோயாளி, எந்த வீட்டிற் பரீட்சை எழுதும் பிள்ளை, எவர் இரவுக் கடமை செய்பவர் என்பதைக் கேட்டு அறிந்திருக்க வேண்டும். வீட்டில் விசேடம் என்றால் இரண்டு நாள் முன்னரே சொல்லிவிட வேண்டும். முன்னறிவித்த ஓசை பாதி ஓசையே. இழவு வீட்டின் பக்கத்தில் தொலைக்காட்சியை நிறுத்திவைக்க வேண்டும். நோன்புக் கஞ்சியோ புக்கையோ கிறிஸ்மஸ் கேக்கோ எதுவாயினும், ஒரு கிண்ணமேனும் எதிர்வீட்டுக்குப் போகவேண்டும். கிண்ணத்தில் இருப்பது சிறிதாகலாம். அதனைக் கொண்டு செல்லும் பிள்ளை, அந்தக் கதவுக்குப் பின்னால் வாழ்பவரின் முகத்தை அறிந்துகொண்டு திரும்பி வருகின்றது. அதுவே தொடர்மாடிக்கு வேண்டிய கடப்பு.